திடலில் இல்லாத கோடு

சனிக்கிழமை மதியம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பச்சை நிறம்தான். ஜார்ஜ் டவுனில் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். துறைமுகத்துப் பக்கம் இருக்கும் அந்த உணவுக்கடையில் மின்விசிறிகள் மேலே சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மீன் தலைக் கறியின் மணம், கிளாசுக்குள் ஐஸ் கட்டி மோதுகிற சத்தம், வெளியே சாலையில் கானல். சுவரில் மாட்டிய தொலைக்காட்சிக்குள் மட்டும் ஒரு பெரிய முட்டை வடிவப் புல்வெளி விரிந்து கிடக்கும். அங்கே குளிர்காலம். கழுத்து வரை கம்பளி சுற்றிக்கொண்ட கூட்டம். நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டு அந்தக் குளிரைப் பார்த்துக்கொண்டிருப்போம். கொஞ்ச நேரத்தில் எது இங்கே, எது அங்கே என்பதே எனக்குக் கலங்கிப்போகும். அந்தக் கலக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

பினாங்கில் ஆஸ்திரேலியக் கால்பந்து பார்க்கிறவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஊர் முழுக்க இங்கிலாந்துக் கால்பந்துப் பைத்தியம். எங்கள் மேசைக்கு மட்டும் இந்த வேறு பைத்தியம். எனக்கு அதைத் தொற்றவைத்தவர் என் கணவர். இளவயதில் பெர்த்தில் படித்தவர். படிப்பைவிட இந்த ஆட்டத்தைத்தான் உருப்படியாகக் கற்றுக்கொண்டு வந்தார் என்று அவர் வீட்டில் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன, பந்தா பப்பாளியா?" என்று கேட்டேன். பந்தைக் காலால் உதைக்கிறார்கள், கையால் குத்துகிறார்கள், நான்கு கம்பத்துக்கு நடுவே அனுப்புகிறார்கள், பந்து வைத்திருப்பவரை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துச் சாய்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது அவரைவிட நான்தான் அதிகமாகக் கத்துகிறேன்.

மேசையில் எங்களோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயதில் மூத்தவர் என்பதால் எங்களுக்கு அண்ணன். அவர் தங்கை பெர்த்தில் இருப்பதால் அவ்வப்போது அங்கே போய் நேரிலேயே ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பெருமை அவர் உட்காருகிற விதத்திலேயே தெரியும். இன்னொருவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியாளர், மெல்பர்னில் சில காலம் வேலை பார்த்தவர். எங்கள் எல்லாரையும்விட இளையவர் என்பதால் அவர் தம்பி. கடைக்காரர் பாய்க்கு இந்த ஆட்டம் அறவே பிடிக்காது. ஆனால் நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அதனால் ரிமோட்டைத் தந்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

சண்டை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். பந்தோடு ஓடுகிறவரை எப்படிப் பிடிக்கலாம், எப்படிப் பிடிக்கக் கூடாது. தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே என்பது பழைய விதி. அதில் யாருக்கும் தகராறில்லை. தலையில் அடிபடுவதைப் பற்றிய பயம் வந்த பிறகுதான் குடுமிப்பிடி. ஒருவருடைய இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்துக் கட்டி, சுழற்றித் தரையில் போட்டால், அவரால் கையூன்ற முடியாது. தலைதான் முதலில் போய் மோதும். அப்படிப் போட்டவருக்கு இப்போது ஆட்டத் தடை.

"பந்தே அவன் கையிலதான் இருக்கு. கையைக் கட்டாம எதைக் கட்டுறது? பூ குடுத்து உக்காரச் சொல்லணுமா?" என்பார் அண்ணன்.

"ஒரு கையையாவது விடணும்ணே. விழும்போது ஊன்றதுக்கு ஒரு கை வேணும்ல," என்பார் தம்பி.

"ஒரு கையை விட்டா அந்தக் கையால பந்தைத் தட்டி விட்டுட்டுப் போயிடுவான் லா."

"போகட்டுமே. தலை உடையறதுக்குப் பந்து போறது பரவாயில்ல."

என் கணவர் விதியைப் பேசுவார். பிடிக்கிற வரைக்கும் பந்து வைத்திருப்பவர் பாடு, பிடித்த பிறகு அவர் பத்திரமாகத் தரைக்குப் போவது பிடித்தவர் பொறுப்பு என்பார். நான் அண்ணன் கட்சி. விழப் பயப்படுகிறவர்கள் பூப்பந்து ஆடட்டும் என்பேன். அதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகள் பெர்த்தில் இந்த ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடிதான் அவள் குழுவில் பெயர்பெற்றது.

அந்தப் பிடி பெர்த்தில் கற்றதல்ல. புக்கிட் மெர்தாஜாமில் கற்றது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அங்கே பெண்களுக்கு ஒரு கபடிக் குழு இருந்தது. பினாங்குத் தீவில் இருந்துகொண்டு அதற்குப் போவதென்றால் கடல் தாண்ட வேண்டும். அப்போதெல்லாம் ஃபெர்ரியில் காரையும் ஏற்றிக்கொண்டு போகலாம். சனிக்கிழமைதோறும் நான்தான் ஓட்டுநர். காரை உள்ளே நிறுத்திவிட்டு நாங்கள் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தீவு பின்னால் மெல்ல நகர்ந்து போகும். நாங்கள் போகிறோமா, தீவு போகிறதா என்று அவள் கேட்பாள். தீவுதான் போகிறது, நமக்கு வேலை இருக்கிறது என்பேன். பட்டர்வொர்த்தில் இறங்கி, செபராங் ஜெயா தாண்டிப் போனால், குன்றுக்குக் கீழே அந்தத் திடல். செம்மண். சுண்ணாம்பால் போட்ட கோடுகள்.

கபடியில் நடுக்கோடுதான் எல்லாம். பாடி வருகிறவள் நம்மில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டாள் என்று வையுங்கள். அவள் திரும்பிப்போய் ஒரு விரல் நுனியால் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், நம்மவர்கள் இரண்டு பேரும் வெளியே. அதனால் பிடிக்கிறவள் முதலில் கைகளைத்தான் பூட்ட வேண்டும். பூட்டிக் கோட்டுக்கு முதுகு காட்டுகிற மாதிரி அவளை ஒரு சுற்று திருப்பி, கீழே அமுக்க வேண்டும். திமிறத் திமிற இறுக்க வேண்டும். அவர்களுடைய கோச் திடலுக்கு வெளியே நின்று, "கையை விடாதே, கோட்டுலேர்ந்து திருப்பு," என்று தொண்டை வறளக் கூவிக்கொண்டிருப்பார். நான் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மதிய வெயிலில் கண் சொக்கும். அந்தக் குரல் மட்டும் தூக்கத்துக்குள்ளும் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்றும் என்னைக் கேட்டால், அந்த மரத்தடியில் அரைத்தூக்கத்தில் கழிந்த மதியங்களைவிட நிம்மதியான நேரம் என் வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

என்னைக் கட்டிப்பிடிப்பதும் அப்போதே மாறிவிட்டது. பின்னாலிருந்து வந்து, என் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கி, அலாக்காகத் தூக்கி, அடுப்புக்கு முதுகு காட்டும்படி ஒரு சுற்று திருப்பி இறக்குவாள். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. "விடுடி, குழம்பு தீயுது," என்று நான் கத்த, அவள் இன்னும் இறுக்குவாள். ஒவ்வொரு முறையும் திட்டுவேன். என்றைக்காவது அவள் வராமல் போய்விட்டால் எனக்கு அன்றைய சமையலே ருசிக்காது.

அவள் தாதிப் படிப்பு முடித்து, பெர்த்தில் மருத்துவமனை வேலைக்குப் போனாள். அங்கே வட்டாரப் பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்தாள். பந்தை உதைப்பதில் சுமார்தான். பிடிப்பதில் கில்லாடி. எங்கே கற்றாய் என்று அங்கே எல்லாரும் கேட்டார்களாம். "எங்க ஊர்லன்னு சொன்னேன்மா," என்றாள். அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். அவள் போன பிறகுதான் என் சனிக்கிழமைகள் வெறிச்சென்று கிடக்க, நானும் கணவரோடு அந்த மேசைக்குப் போக ஆரம்பித்தேன்.

பெர்த்துக்கும் பினாங்குக்கும் கடிகாரத்தில் ஒரே நேரம். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். நான் கோப்பி கலக்கும்போது அவளும் கலக்குவாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் சூரியன் ஒன்றாக இல்லை. அங்கே குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். மாலையில் அவள் வீடியோவில் கூப்பிட்டால் அவள் சன்னல் கறுப்பாக இருக்கும். என் சன்னலில் வெயில் இன்னும் மஞ்சளாக அடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் எனக்கு முன்னால் எங்கேயோ போய்விட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கூப்பிட்டாள். எப்போதும் முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" என்பதுதான். அன்று அதைக் கேட்கவில்லை. கறுத்த சன்னலுக்கு முன்னால் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு பொண்ணு விழுந்துட்டா. நான் பிடிச்சதுல. தலை அடிபட்டுருச்சு. எந்திரிக்கவே இல்ல. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்பதான் கண்ணைத் திறந்தா."

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றேன் நான். அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

"எனக்கு என்னம்மா ஆகும்? நாந்தானே மேல விழுந்தேன்," என்றாள்.

அடுத்தடுத்த நாட்களில் விஷயம் முழுதாகத் தெரிந்தது. அந்தப் பெண் பேசினாள், நடந்தாள். ஆனால் வெளிச்சம் பட்டால் வலி, சத்தம் கேட்டால் வலி. பாலர் பள்ளி ஆசிரியை அவள். குழந்தைகளின் சத்தத்துக்கு எப்போது திரும்பிப் போக முடியும் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. ஆட்டச் சங்கம் என் மகள்மீது ஆபத்தான பிடி என்று குற்றம் சாட்டியிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்தப் பருவம் முழுவதும் ஆடக் கூடாது. அவர்கள் குழு முதல்முறையாக இறுதி ஆட்டத்தை எட்டிப் பிடிக்கப்போகிற வருடம் அது. மறுத்தால் விசாரணை. அவளுடைய குழுக்காரர்கள் மறுக்கத்தான் சொன்னார்கள். புல் ஈரம், இருவருமே ஓட்டத்தில் இருந்தார்கள், சுழற்றவில்லை, தானாகச் சுழன்றது என்று வாதாடலாம் என்றார்கள்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டாள்.

"வாதாடு. எதுக்கு விடணும்?" என்றேன்.

"யோசிக்கிறேன்மா," என்றாள்.

எனக்கு இறுதி ஆட்டம் பெரிதில்லை. என் மகள் ஆளை உடைக்கிறவள் இல்லை என்று யாராவது எனக்குச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும் போலிருந்தது. சங்கம் சொன்னாலும் சரி, தெருவில் போகிறவர் சொன்னாலும் சரி. நாற்பது வயது தாண்டியவர்கள் சின்னப் பிள்ளை மாதிரி ஆறுதல் தேடக் கூடாது என்று விதியா இருக்கிறது? விழுந்த பெண்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. சரியாக விழத் தெரியாதவள் ஏன் ஆட வந்தாள் என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகு யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை வந்தது. காரில் போகும்போது கணவர், "மேசையில சொல்ல வேணாம்," என்றார். சரி என்றேன். வழக்கம்போல உட்கார்ந்தோம். தொலைக்காட்சியில் பச்சை விரிந்தது. அன்று அந்தப் பச்சையை என்னால் பார்க்க முடியவில்லை. கிளாசின் வெளிப்புறம் வழிகிற நீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தம்பி கைத்தொலைபேசியை எடுத்துத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார். "பெர்த் கூட்டாளி அனுப்பினான். பொம்பளைங்க ஆட்டம். பாருங்க, இதான் நான் எப்பவும் சொல்றது," என்றார்.

தூரத்திலிருந்து எடுத்த படம். முகம் தெரியாது. ஒருத்தி பந்தோடு ஓடி வருகிறாள். இன்னொருத்தி, முதுகை மட்டும் காட்டிக்கொண்டு, பக்கவாட்டில் வந்து அவளைப் பூட்டுகிறாள். ஒரு சுற்று. பிறகு இருவரும் தரையில். ஒருத்தி எழுகிறாள். மற்றவள் எழவில்லை. அந்த முதுகு எனக்குத் தெரியாதா? பின்னலை மடித்துக் கட்டும் விதம்கூட என்னுடையது. என் கணவர் இலையில் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ரெண்டு கையும் பூட்டிட்டா. தலையைக் காப்பாத்த வழியே இல்ல. இவளுக்கெல்லாம் ஒரு பருவத் தடை பத்தாது," என்றார் தம்பி.

நான் அண்ணனைப் பார்த்தேன். எப்போதும் பிடிக்கிறவர் பக்கம் பேசுகிற மனிதர். என் கட்சி. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டாம் முறை பார்த்தார். "இல்ல லா. இது தப்பு. இது பிடி இல்ல, வெறி," என்றார்.

என் வாய் எனக்கு முன்னால் முந்திக்கொண்டது. "அது என் மவ," என்றேன்.

பாய் சோற்றுத் தட்டோடு வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கவாம்மா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து அப்படியே திரும்பிப் போனார். முதலில் வாய் திறந்தவர் தம்பி. "அக்கா, நல்லாப் பார்த்தா... அந்தப் பொண்ணு காலே வழுக்குன மாதிரிதான் இருக்கு," என்றார். அண்ணனும் சேர்ந்துகொண்டார். "புல்லு ஈரம்மா. யாரா இருந்தாலும் விழுவாங்க. பாவம், நம்ம புள்ள என்ன செய்யும்?"

இதைத்தானே ஒரு வாரமாகக் கேட்க ஏங்கினேன். கேட்டதும் ஆறுதல் வரவேண்டியதுதானே? வரவில்லை. உச்சந்தலை வரை சூடு ஏறியது. "அஞ்சு நிமிஷத்துக்கு முந்தி புல்லு காஞ்சா இருந்துச்சு?" என்று கேட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் தவறில்லை. அன்பினால் சொன்னார். ஆனால் அந்த அன்பு எனக்கு எதற்கும் உதவாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தம்பியிடம் அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்தேன். கணவரும் கை கழுவிக்கொண்டு பின்னால் வந்தார்.

படகுத்துறைப் பக்கம் நிழலாக ஒரு பெஞ்சு இருந்தது. இப்போது வருகிற படகுகளில் கார் ஏறாது, ஆட்கள் மட்டும்தான். ஒரு படகு பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை வெயிலில் வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்பது போல் தெரிந்தது. நான் படத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு புரியல," என்றார். விதி பேசுகிற அதே குரல்தான், ஆனால் மெதுவாக. "நம்ம ஆளுங்க எல்லாம் இந்தப் பக்கம் நிக்கிறாங்க. இந்தப் பக்கம் தள்ளினாப் போதும், பந்து கிடைச்சிருக்கும். இவ எதுக்கு அந்தப் பக்கம் திருப்புறா? அங்க யாருமே இல்லையே."

அவர் ஒரு நாளும் புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்ததில்லை. சனிக்கிழமை அவருக்கு ஆட்டம். அதனால் அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அந்தப் பச்சைப் புல் செம்மண்ணாக மாறியது. மரத்தடி வந்தது. தொண்டை வறண்ட அந்தக் குரல் வந்தது. கையை விடாதே, கோட்டுலேர்ந்து திருப்பு. என் மகள் அந்தப் பெண்ணின் கைகளைப் பூட்டி, சுண்ணாம்புக் கோட்டுக்கு முதுகு காட்டும்படி ஒரு சுற்று திருப்புகிறாள். அழகாகத் திருப்புகிறாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மைதானத்தில் நடுக்கோடு கிடையாது. யாரும் எங்கேயும் தொட்டுவிட்டுத் தப்பிக்கப் போவதில்லை.

"கோட்டுலேர்ந்து திருப்புறா," என்றேன்.

"எந்தக் கோடு?"

நான் அவருக்குச் சொன்னேன். கபடியை, கையை, விரல் நுனியை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அப்ப அது வெறி இல்ல," என்றார். "இல்ல," என்றேன். "ஆனா வழுக்கலும் இல்ல." வாதாடச் சொன்னவள் நான். அவளும் வாதாடி, வழுக்கல் என்று ஜெயித்துவிட்டால், அந்தப் பொய்யோடு என் மகள் வாழ வேண்டுமே என்று அந்த பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. வாதாடாதே என்று சொல்லத்தான் அவளைக் கூப்பிட்டேன்.

அவள் பேருந்தில் இருந்தாள். அங்கேயும் இதே மதியம். சன்னலில் வெளிச்சம் இருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். திரை மூடிய அறையில் படுத்திருக்கிறாளாம். போன் திரையைப் பார்த்தால் தலை சுற்றுவதால், பாலர் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பிய செய்திகளை இவள் மெல்லிய குரலில் படித்துக் காட்டினாளாம்.

"என்னை உள்ள விடுவாங்கன்னே நினைக்கலம்மா. அவதான் வரச் சொன்னா. நான் படிக்கப் படிக்கத் தூங்கிட்டா."

"படத்தைப் பார்த்தேன்டி," என்றேன்.

"எப்படி?"

"வந்துச்சு. நீ எங்க நின்னுகிட்டுப் பிடிச்சேன்னு தெரிஞ்சுச்சு."

அவள் முகம் சுருங்கியது. நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் திடலை அறிந்தவர்கள் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்மா, ஒத்துக்கிறேன்னு. நீ வாதாடச் சொன்ன. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

"நானும் அதுக்குத்தான்டி கூப்பிட்டேன்."

"எல்லாரும் வழுக்குச்சுன்னு சொல்லச் சொல்றாங்க. வழுக்கலம்மா. அவ கை என்கிட்ட இருந்துச்சு. சாயறப்போ ஊன்றதுக்குக் கையை இழுத்தா. இழுக்கறது எனக்குத் தெரிஞ்சுச்சு. இழுக்க இழுக்க நான் இன்னும் இறுக்கிட்டேன். யோசிக்கவே இல்ல. கோட்டைத் தொடப் போறான்னு கை நினைச்சுகிச்சு."

நான் அழுதேன். பேருந்தில் அவள் அழவில்லை. என் கணவர் தொலைபேசியை வாங்கி, "சரிம்மா. ஒத்துக்கிட்டது சரிதான்," என்றார். தொலைபேசியை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். படகு ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டு, வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

அவள் இல்லாமலே அவர்கள் குழு இறுதி ஆட்டம் ஆடித் தோற்றது. கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் புட்டிகளோடு அவள் நிற்கும் படம் ஒன்றை அனுப்பினாள். அந்தப் பெண் மெல்ல மெல்லத் தேறினாள். முதலில் திரையை விலக்கினாள், பிறகு முற்றத்துக்கு வந்தாள், பிறகு பாலர் பள்ளிக்குப் பாதி நாள் போனாள். இனி இந்த ஆட்டம் வேண்டாம் என்றுவிட்டாளாம். எங்கள் மேசையில் சண்டை இன்னும் ஓயவில்லை. அண்ணன் மட்டும் கொஞ்சம் மாறிவிட்டார். யாரையாவது கையைப் பூட்டிச் சாய்த்தால், கத்துவதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். விழுந்தவர் எழுகிறாரா என்று பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.

வருட முடிவில் அவள் விடுமுறைக்கு வந்தாள். கோலாலம்பூரில் மாறி வந்த விமானம் தாமதமாகி, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நாங்கள் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூட, யார் யாரோ வந்தார்கள். அரைத்தூக்கத்தில் எனக்கு அது ஃபெர்ரி மாதிரியும், நாங்கள் எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருப்பது மாதிரியும் இருந்தது. கண்ணைத் திறந்தபோது எதிரில் நின்றாள். இளைத்திருந்தாள்.

நான் எழுந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வந்து பூட்டுவாள், தூக்குவாள், ஒரு சுற்று திருப்புவாள் என்று உடம்பே தயாராகிவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடம், திட்ட வேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். அவள் ஒரு கையை மட்டும் என் தோளைச் சுற்றிப் போட்டு, மெதுவாக, கண்ணாடிச் சாமானைத் தொடுகிற மாதிரி அணைத்தாள். என் வலது கை வெளியே இருந்தது.

"ரெண்டு கையையும் பிடிடி," என்றேன்.

"வேணாம்மா," என்றாள். "ஒரு கை உன்கிட்டயே இருக்கட்டும்."

அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதை அவள் தலைக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.